டிரெய்லருக்கு விளக்கு வைத்த தேசம்மா

இடது கால் சூம்பிப்போனவளால் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்ய முடியாது என்றார்கள். தேசம்மா செய்தாள். ஒரு பெண்பிள்ளையை நம்பி யார் டிரெய்லரை விடுவார்கள் என்றார்கள். ஆறு வருஷத்தில் நாற்பத்தோரு டிரெய்லர்கள் அவள் கைபட்டு ரோட்டுக்குப் போயின. அதில் முப்பத்தெட்டு, முதல் தடவையிலேயே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கின. மீதியில் இரண்டு, டயர் தேய்ந்து மொழுக்கையாக இருந்ததால் திரும்பி வந்தவை. ஒன்று, சொந்தக்காரர் பேப்பரை வீட்டில் மறந்துவிட்டுப் போனதால். விளக்குக்காக ஒன்றுகூடத் திரும்பியதில்லை. சைதாப்பேட்டை ஆற்றில் தண்ணீர் ஏறி அவளுடைய கொட்டகையை அடித்துக்கொண்டு போனபோது, பதினேழாம் நாள் அதே இடத்தில் மறுபடி தகரம் போட்டாள். இவளுக்கு வேலை கொடுக்காதே என்று நாலு பேரிடம் சொல்லிவைத்த பக்கத்து மெக்கானிக், இரண்டு வருஷம் கழித்துத் தன் மச்சானின் டிரெய்லரைத் தானே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினான். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றவனையே கல்யாணம் செய்துகொண்டு, அவனோடு சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினாள். இதையும் வெற்றியில்தான் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் அவளுடைய அக்கா ஜானகியின் நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஜானகி ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்தவள். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் சைதாப்பேட்டைக்கு வந்து, அந்த வாரம் எந்த டிரெய்லருக்கு என்ன மாட்டினார்கள் என்று தங்கையைக் கேட்டு எழுதுவாள். பின் விளக்கு இரண்டு, பிரேக் போட்டால் எரிகிற விளக்கு இரண்டு, திரும்பும் விளக்கு, நம்பர் பலகைக்கு மேலே சின்ன பல்பு, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு வில்லைகள், சங்கிலி, மட்கார்டு. எழுதி முடித்ததும் அடியில் தேசம்மாவின் கட்டைவிரல் பதியும். தேசம்மாவுக்கு எழுத்து தெரியாது. மூன்று வயதில் காய்ச்சல் வந்து கால் போனது. பள்ளிக்கூடம் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஏழு வயது வரை ஜானகிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குமேல் கனத்தது. இனி தூக்கவேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

தி. நகரில் அக்பர் பாஷா என்பவர் கல்யாணங்களுக்கு சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயதில் தேசம்மா அங்கே உட்கார்ந்து பல்பு கோக்கப் போனாள். வயர் வேலை அவளுக்கு அங்கேதான் படிந்தது. அங்கே வெல்டிங் செய்துகொண்டிருந்தவன் மண்ணாங்கட்டி. மூன்று பிள்ளைகள் தங்காமல் நாலாவதாகப் பிறந்தவனுக்குத் திருஷ்டிக்காக வைத்த பெயர். அவனைக் கட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரம் இருவருமாகச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். இரும்பு வேலை அவன், விளக்கு வேலை அவள். ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர ஜெனரேட்டர் டிரெய்லர்கள்தான் அதிகம் வந்தன.

மற்ற இடங்களில், மின்சாரம் திரும்பிப் போகிற எர்த்துக்கென்று தனி வயர் போடமாட்டார்கள். கொக்கியின் இரும்பே போதும் என்று விட்டுவிடுவார்கள். தேசம்மா ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக ஒரு வயர் இழுப்பாள். எதற்கு இந்த வீண் வேலை என்று ஜானகி ஒருமுறை கேட்டதற்கு, வயரை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கொக்கி ஆடுனா எர்த்து போய்டும்க்கா. எர்த்து போனா லைட்டு போய்டும். பின்னாடி வர்றவனுக்கு அது தெரியுமா? அவன் பாட்டுக்கு வந்துகினே இருப்பான்."

வேலை முடிந்த வண்டி வெளியே போகும்போது அவள் கொட்டகை வாசலில், வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பாள். ஓட்டுகிறவன் பிரேக் மிதிப்பான், திரும்பும் விளக்கைப் போடுவான். எல்லாம் சரி என்று கை காட்டிய பிறகுதான் வண்டி ரோட்டில் ஏறும்.

1994ஆம் வருஷம் ஆயுத பூஜை அக்டோபர் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை வந்தது. ஜானகிக்குப் பள்ளி விடுமுறை. அக்பர் பாஷாவின் புது டிரெய்லர் இரண்டு நாள் முன்புதான் முடிந்திருந்தது. பூஜை போட்டு அன்று சாயங்காலமே அடையாறில் ஒரு நிகழ்ச்சிக்கு எடுத்துப்போக வேண்டும். அவருடைய ஜீப்பை ஓட்டுகிற முருகையன் காலையிலேயே வந்துவிட்டான்.

பூஜைக்கு அலங்காரம் எப்போதும் ஜானகியின் பொறுப்பு. அவள் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்தால் வழியும் என்று கெட்டியாகக் குழைத்தாள். ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவில் பொட்டு வைத்தாள். டிரெய்லருக்கு வந்தபோது, பின்புறத்து வட்ட விளக்குகள் பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தன. வட்டம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். மின்னும் வில்லைகளுக்கும் அப்படியே. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினாள். இலை சரிந்து நம்பர் பலகையை மூடியது. நன்றாகத்தான் இருந்தது. முருகையன் சுற்றிவந்து பார்த்து, "யக்கா, கல்யாணப் பொண்ணு கணக்கா கீதுக்கா," என்றான். தேசம்மாவும் கைகூப்பிக் கும்பிட்டாள்.

சாயங்காலம் ஆறரைக்கு முருகையன் டிரெய்லரை ஜீப்பில் மாட்டினான். சங்கிலி போட்டான். விளக்கு சுவிட்சைப் போட்டான். தேசம்மா அப்போது உள்ளே பக்கத்துக் கொட்டகைக்காரர்களுக்குப் பொரிகடலை பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒருநாள் அவள் வாசலுக்கு வரவில்லை.

எட்டு மணிக்கு முருகையன் நடந்தே திரும்பி வந்தான். சட்டையில் ரத்தம். அவனுடையது இல்லை. கொட்டகையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கோட்டூர்புரம் பாலத்துக்கு முன்னால் தெருவிளக்கு எரியாத இடத்தில், எதிரே பஸ் திரும்புகிறது என்று ஜீப்பை நிறுத்தியிருக்கிறான். பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் வேகம் குறைக்காமல் வந்து டிரெய்லரில் மோதிவிட்டார். மயிலாப்பூர்க்காரர், ராஜகோபாலன் என்று பெயர், காலேஜ் வாத்தியார். மகள் வீட்டுக் கொலுவுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறான். நினைவு இல்லை. ஜீப்பையும் டிரெய்லரையும் போலீஸ் எடுத்துப் போய்விட்டது.

தேசம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "லைட்டு எரிஞ்சுதா, இல்லியா?"

"சுச்சு போட்டேன்க்கா. சத்தியமா போட்டேன். ஆனா அங்க நின்னவங்க எல்லாம் லைட்டே இல்லன்றாங்க."

தேசம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜானகி தங்கையின் முகத்தை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. ரத்தமே இல்லாத முகம். அன்று ராத்திரி முழுக்க மழை. அடுத்த நாளும் விடவில்லை.

பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. வெள்ளிக்கிழமையே இரண்டு பேர் வந்து, வேலைக்கு விட்டிருந்த டிரெய்லர்களை அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து மெக்கானிக் யாருக்கோ சொல்வதுபோல, பொம்பளை போட்ட வயர் என்றான். மண்ணாங்கட்டி சுத்தியலோடு எழுந்தான், தேசம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அக்பர் பாஷா வந்து கோபப்படவில்லை. அதுதான் ஜானகிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீ மாட்டின லைட்டுன்னு கண்ணை மூடிக்கினு வுட்டேன்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தேசம்மா தன் கட்டிங் பிளையரைத் துணியில் சுற்றி ஜானகியிடம் கொடுத்தாள். "என் வயரு செத்துதான் அந்த மனுசன் உழுந்தாருன்னா, இனிமே நான் இத்த தொடமாட்டேன். நீயே வெச்சுக்கோ."

ஜானகி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். பத்ரிநாராயணன் என்று பெயர். குரலை உயர்த்தாத மனிதர். தேசம்மா மாட்டிய விளக்குகளை ஆறு வருஷமாகப் பார்த்து எஃப்.சி. கொடுத்தவர். அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்க, ஜீப்பில் சாவி போட்டு சுவிட்சைத் தட்டினார். பின் விளக்கு இரண்டும் எரிந்தன. பிரேக்கை மிதித்தார், பிரேக் விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. டிரெய்லரை ஆட்டி, குலுக்கி, கொக்கியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஒரு விளக்குகூட இமைக்கவில்லை.

ஜானகிக்கு உயிர் வந்தது. ஆனால் இன்ஸ்பெக்டர் முகம் இறுகியது. விளக்கே இல்லை என்று நாலு பேர் சாட்சி சொல்கிறார்கள். இங்கே என்னவென்றால் பழுதே இல்லாமல் எரிகிறது. ராத்திரியோடு ராத்திரியாக யாராவது ஸ்டேஷனுக்கு வந்து சரிசெய்துவிட்டுப் போனார்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மறுநாள் அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ராஜகோபாலனுக்கு ஞாயிற்றுக்கிழமையே நினைவு திரும்பியிருந்தது. தொடையில் கட்டு, தோள்பட்டையில் கட்டு, தலையில் பதினொரு தையல். பக்கத்தில் இருந்த மகள் ஸ்ரீரஞ்சனி இவர்கள் யார் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. தேசம்மா கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, உண்மையாகவே சிவப்பு வெளிச்சம் எதுவும் தெரியவில்லையா என்று கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியலேம்மா," என்றார் அவர். மூச்சு விட்டு விட்டுப் பேசினார். "பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்? ஏதோ எலை மாதிரி ஆடிண்டிருந்தது. மரக்கிளை சாஞ்சிருக்குன்னு நெனச்சு ஒதுங்கப் பாத்தேன். அதுக்குள்ள இடிச்சுட்டேன்."

வெளியே வந்ததும் தேசம்மா பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை, ஆட்டோ பிடிக்கச் சொன்னாள். நேராக ஸ்டேஷன். ஏட்டைக் கெஞ்சி அனுமதி வாங்கி, டிரெய்லருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். விளக்கின் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு உண்டு. அதற்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுச் சுரண்டினாள். நகத்தில் மஞ்சளாக ஏதோ வந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு விரலை அக்காவிடம் நீட்டினாள்.

சந்தனம்.

ஜானகி தன் கையைப் பார்த்தாள். கெட்டியாகக் குழைத்த கை இதுதான். வட்டம் முழுக்கப் பூசிய கை இதுதான். வாழைக்கன்று மோதலிலேயே பிய்ந்து போயிருந்தது. இரண்டு நாள் மழை மேலே இருந்த சந்தனத்தையெல்லாம் கழுவிவிட்டது. விளிம்புக்குள் போனது மட்டும் நின்றுவிட்டது. அந்த மனிதரின் பதினொரு தையலும் தொடைக்கட்டும் கண்முன் வந்தன. ஸ்டேஷன் சுவரோரம் சாய்ந்தாள். தேசம்மா எழுந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவள் ஜானகியைத் தாங்கி நின்றாள்.

வீட்டுக்கு வந்து, இருவர் பெயரிலும் ஒரே வாக்குமூலமாக எழுத உட்கார்ந்தார்கள். தேசம்மா தெளிவாகச் சொன்னாள். விளக்கு எரிந்தது, அதன்மேல் சந்தனம் இருந்தது, பூசியது அக்கா. பார்த்துக்கொண்டு கும்பிட்டது தானும்தான். வண்டி போகும்போது பின்னால் நின்று பார்க்க வேண்டியது தன் வேலை, அன்றைக்கு அதைச் செய்யவில்லை. இதில் ஒன்றையும் விடாமல் எழுது என்றாள்.

ஆனால் ஜானகி விட்டுவிட்டாள். அவள் எழுதியது வேறு. சந்தனம் பூசியது நான், ஜானகி. என் தங்கை தேசம்மா அன்று கொட்டகையிலேயே இல்லை, அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அழகான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். தங்கையின் பெயருக்கு ஒரு சின்ன கறைகூடப் படக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சொன்ன மாதிரியே எல்லாம் வந்திருக்கிறதா என்று தேசம்மா கேட்டதற்கு, வந்திருக்கிறது என்றாள். தேசம்மா வழக்கம்போல விரலை மையில் தொட்டு வைத்தாள்.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி பத்ரிநாராயணன் அதைத் தன் மேஜையில் வைத்துச் சத்தமாகப் படித்தார். எதிரே தேசம்மா, ஜானகி, முருகையன் மூன்று பேரும் நின்றார்கள். "என் தங்கை தேசம்மா அன்று கொட்டகையிலேயே இல்லை" என்ற வரி வந்ததும், அறைந்ததுபோல தேசம்மா திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் முருகையனைக் கேட்டார். ஜானகி ஏன் அப்படி எழுதினாள் என்று அவனுக்குத் தெரியாது. "இருந்தாங்க சார். தேங்கா ஒடைக்கச் சொல்லி அவங்கதான் என் கையில குடுத்தாங்க," என்றான்.

இன்ஸ்பெக்டர் பேப்பரை மடித்தார். "ஒரு பொய் இருக்கிற பேப்பர்ல மீதி மட்டும் நிஜம்னு நான் எப்படிம்மா எடுத்துக்கறது? சந்தனமும் கதைன்னா, லைட் எரியலைன்னுதானே நான் எழுதணும்?" அவர் குரல் அப்போதும் உயரவில்லை. தீபாவளி கழித்து நவம்பர் ஏழாம் தேதி ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், அதற்குள் உண்மையைக் கொண்டுவாருங்கள் என்றார்.

சைதாப்பேட்டை வந்த பிறகு தேசம்மா கொட்டகை வாசலில் நின்றுகொண்டுதான் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் ஜானகி தாங்கியிருப்பாள்.

"நான் சொன்னதத்தான் நீ எழுதுவேன்னு இத்தினி வருசமா வெரல் வெச்சுகினு இருந்தேன்க்கா. நீ இன்னா எழுதுனேன்னே எனக்குத் தெரியாது. இனிமே தெரியாத பேப்பர்ல நான் வெரல் வெக்கமாட்டேன்."

ஜானகி அன்று சாந்தோம் வரை நடந்தே போனாள். நோட்டில் இருந்த நாற்பத்தோரு விரல் பதிவுகளும் அவள் மனதில் வரிசையாக ஓடின. ஒவ்வொன்றும் தங்கை அவளை நம்பி வைத்தது. ஒரு தடவையாவது திருப்பிப் படித்துக் காட்டியிருக்கிறாளா என்று யோசித்தாள். இல்லை. அவளுக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. எல்லாவற்றிலும் கணக்காக இருக்கிறவள் என்று பெயர் வாங்கியவள் அவள்.

மண்ணாங்கட்டி நாலாவது வரை படித்தவன். இரும்புத் தகட்டில் வெட்டவேண்டிய இடத்தைக் குறிக்க அவனிடம் எப்போதும் சாக்கட்டி இருக்கும். அதை வைத்து ஒரு தகட்டில் மனைவியின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தான். "உன் பேருல நாலே எழுத்து. நீ குடுத்து வெச்சவ. என் பேருல ஏழு கீது. பேரு வெக்கும்போதே எங்கம்மா என்னைப் பழி வாங்கிட்டா," என்றான். தேசம்மா பத்துப் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். வேலை இல்லாத கொட்டகையில், கிடந்த தகடுகளில் எல்லாம் அவள் பெயர் வெள்ளையாக ஏறியது. தீபாவளியன்று ஜானகி தயங்கித் தயங்கி வந்தபோது, தரையில்கூட அதுதான் இருந்தது. தேசம்மா அவளுக்கு இட்லி வைத்துக் கொடுத்தாள். "பிளையரக் கொண்டாந்தியா?" என்று கேட்டாள். ஜானகி பையைத் திறந்தாள்.

வாக்குமூலத்தை ஜானகியே மறுபடி எழுதினாள். வேறு யாரிடமும் எழுதச் சொல்ல தேசம்மா சம்மதிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் முடிந்தவுடன் சத்தமாகப் படிக்கவேண்டும் என்றாள். முடிந்த பிறகு முருகையனைக் கூப்பிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். ஜானகி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். இந்தத் தடவை எல்லாமே இருந்தது. பூசியவள் பெயர், கும்பிட்டவள் பெயர், வாசலில் நிற்காமல் போனது, முதல் பேப்பரில் பொய் எழுதியது யார் என்பதும்.

நவம்பர் ஏழாம் தேதி இருட்டுகிற நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வரமுடியுமா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் வந்தார். அக்பர் பாஷாவும் வந்திருந்தார். தேசம்மா ஒரு கிண்ணத்தில் சந்தனம் கொண்டுவந்திருந்தாள். முருகையன் சுவிட்சைப் போட்டான், பின்னால் இரண்டு சிவப்பு வட்டம் எரிந்தது. "அன்னிக்குப் பூசுன மாதிரியே பூசுக்கா," என்றாள் தேசம்மா. ஜானகி பூசினாள். வட்டம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். வாழை இலையும் கட்டினார்கள். இன்ஸ்பெக்டரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள் தேசம்மா. சிவப்பு போய் அழுக்கு மஞ்சளாக ஏதோ மங்கித் தெரிந்தது. இருபதடி போகச் சொன்னாள். அங்கே அதுவும் இல்லை. ஓரத்தில் இலை ஆடுவது மட்டும் தெரிந்தது.

பத்ரிநாராயணன் தன் ஜீப்புக்கும் ஆயுத பூஜையன்று வீட்டில் இப்படித்தான் பூசினார்கள் என்று, யாரும் கேட்காமலே சொன்னார். அக்பர் பாஷா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை ஜீப்பின் முன்மூடியில் வைத்து எழுதினார். விளக்குகளும் வயர்களும் குறையில்லாமல் இருந்தன. பூஜைப் பொருளால் மறைக்கப்பட்டிருந்தன. எழுதியதை தேசம்மாவுக்குப் படித்துக் காட்டினார். மறைத்ததற்கு வழக்கு வரும், இரண்டு பேரும் கோர்ட்டில் நிற்கவேண்டியிருக்கும் என்றார். நிற்கிறோம் என்றாள் தேசம்மா. டிரெய்லரை மறுபடி அவளிடமே விடுவதாக அக்பர் பாஷா சொன்னார், ஏட்டு தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். தேசம்மா விளக்குகளைத் தானே கழுவினாள். துடைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

பிறகு ஏட்டு வழக்கம்போல மை டப்பாவைத் திறந்து நீட்டினார். தேசம்மா வேண்டாம் என்று தலையசைத்து, இன்ஸ்பெக்டரின் பேனாவைக் கேட்டு வாங்கினாள். ஜீப் மூடியில் சாய்ந்துகொண்டு, பாரத்தை நல்ல காலில் ஊன்றிக்கொண்டு, வாக்குமூலத்தின் அடியில் பேனாவை வைத்தாள். நாலு எழுத்துக்கு ரொம்ப நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஜானகி பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து கொஞ்சம் மேலே ஏறியிருந்தது, ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. தேசம்மா தன் பெயரைத் தானே முதன்முதலாகக் கையெழுத்திட்டது 1994 நவம்பர் 7, திங்கட்கிழமை.